சான் டியாகோவுக்கு வைத்த பரஸ்தானம்

1. மூலை காலியாக இருந்தது

செவ்வாய்க்கிழமை காலை ஷட்டரைத் தூக்கிவிட்டுக் கடைக்குள் நுழைந்தேன். மூலையில் இருக்க வேண்டிய பை அங்கே இல்லை. தண்ணீர் கேனை நகர்த்திப் பார்த்தேன். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். கேனுக்குப் பின்னால் மறையும் அளவுக்குச் சின்னப் பையும் இல்லை அது. வெளியே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அந்தப் பைக்கு உரியவர்கள்தான் வந்திருந்தார்கள். அன்று சாயங்காலம் அவர்களுக்குச் சென்னையில் விமானம்.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு டிராவல்ஸில் நான் வெகுகாலமாக டிக்கெட் போடுகிறேன். எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. அதனால் முதலில் ஆம்னி பஸ் டிக்கெட், பிறகு அரியலூர் போய் ஏறுகிறவர்களுக்கு ரயில் டிக்கெட், பிறகு வளைகுடாவுக்குப் போகிற பையன்களுக்கு ஏர் டிக்கெட் என்று வேலை வளர்ந்தது. இப்போது பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் அப்பா அம்மாக்களும் வருகிறார்கள். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் கம்ப்யூட்டரில் எல்லாம் வேகமாகக் கற்றுக்கொள்கிறார்கள். எதிரில் உட்கார்ந்திருக்கும் ஆளிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை மட்டும் கற்றுக்கொள்வதில்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும், பயம் அதைவிடச் சீக்கிரம் வரும். இதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2. வெயில் ஊருக்குக் கம்பளிச் சட்டை

சிவப்பிரகாசம் ஐயாவும் அவர் மனைவி தனபாக்கியம் அம்மாவும் அரியலூர்க்காரர்கள். ஐயா சிமெண்ட் ஆலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் முன்கூட்டியே செய்துவிட வேண்டும் அவருக்கு. முதல்முறை எங்கள் கடைக்கு வந்தபோது கையில் ஒரு துணிக்கடைப் பை வைத்திருந்தார். உள்ளே கம்பளிச் சட்டை, காதை மூடும் குல்லா, கையுறை. அம்மாவுக்கு விசா இன்னும் வந்திருக்கவில்லை.

"அமெரிக்கான்னா பனி கொட்டும்ல? அதான் வாங்கி வச்சிட்டோம்," என்றார்.

"ஐயா, உங்க மக சுகந்தி இருக்கிறது சான் டியாகோ. அங்க பனியெல்லாம் கெடையாதுங்க. கடற்கரை ஊரு. வருஷத்துல பாதி நாளு நல்ல வெயிலு."

"வெயிலா? அப்ப நம்ம ஊரு கணக்குதான்," என்று தனபாக்கியம் அம்மா அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார்.

சுகந்தி அவர்களுடைய ஒரே மகள், பிரசவத்துக்கு அம்மாவை அங்கே கூப்பிட்டிருந்தாள். அவளும் அவள் கணவன் பிரபுவும் அங்கே இருக்கிறார்கள். டிக்கெட் விஷயமாக என்னிடம் முன்பே பேசியிருந்த அவள் அனுப்பிய படங்களை ஃபோனில் காட்டினேன். வெள்ளைச் சுவர், சிவப்பு ஓடு, மணி தொங்கும் பழைய சர்ச், அதற்குப் பின்னால் கண்ணைக் கூச வைக்கும் நீல வானம்.

"எல்லாம் ஓட்டு வூடா இருக்கு!" என்றார் அம்மா.

"மொதல்ல ஸ்பெயின்காரங்க வந்து சர்ச் கட்டி உக்காந்த ஊருங்க. அப்புறம் மெக்சிகோ வசம் இருந்துச்சு. அமெரிக்கா அதுக்கும் அப்புறந்தான். தெருப் பேரெல்லாம் பாதிக்கு மேல ஸ்பானிஷு. தரங்கம்பாடில டேனிஷ்காரன் கோட்டை இருக்குல்ல, அந்த மாதிரி வச்சிக்குங்க."

"அங்க இங்கிலீஷு பேசுவாங்களா, அந்த பாஷை பேசுவாங்களா?"

"ரெண்டும் பேசுவாங்க."

"ரெண்டுமே எனக்குத் தெரியாதே," என்று அவர் முகம் மறுபடி சுருங்கிவிட்டது.

அம்மாவை எங்கெல்லாம் கூட்டிப் போவது என்று சுகந்தி பெரிய திட்டமே வைத்திருந்தாள். குழந்தைக்கு ஒரு மாதம் ஆன பிறகு அந்தச் சர்ச், பழைய டவுன், பெரிய பூங்கா. சாயங்காலம் கடற்கரை. நம் பக்கம் சூரியன் கடலிலிருந்து வரும், அங்கே கடலுக்குள் இறங்கும், அதை அம்மா பார்க்க வேண்டும் என்றாள். நானும் இணையத்தில் தேடி எந்த இடம் எங்கே, எவ்வளவு நடக்க வேண்டும் என்றெல்லாம் பார்த்துச் சொன்னேன். சிறுவாச்சூர் தாண்டித் திருச்சி போவதற்கே அலுத்துக்கொள்கிற நான், கண்ணால் பார்க்காத ஊருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் சுகந்தி ஃபோனில் உண்மையைச் சொன்னாள். "அக்கா, ஊரு சுத்துறதெல்லாம் அம்மாவக் கெளப்புறதுக்காகச் சொல்றது. எனக்கு அவங்க வந்து பக்கத்துல நின்னா போதும். ரெண்டு வருஷம் முன்னாடி அஞ்சாம் மாசத்துல எனக்குக் கலைஞ்சிடுச்சு. அப்பவும் நான் தனியாத்தான் ஆஸ்பத்திரில கெடந்தேன். இந்தத் தடவ அம்மா இல்லாம உள்ள போக மாட்டேன்."

அதைக் கேட்ட பிறகு எனக்கு அது சாதாரண டிக்கெட்டாக இல்லை. ஐயாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்ததால் டாக்டர் நீண்ட பயணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அம்மா தனியாகத்தான் போக வேண்டும். விமானத்தை ஆகாயத்தில் மட்டுமே பார்த்திருந்த அம்மா.

3. நல்ல காலுக்கு வீல்சேர்

இங்கே ஒரு தொழில் விஷயம். இங்கிலீஷ் தெரியாமல் தனியாகப் போகும் பெரியவர்களுக்கு நாங்கள் வீல்சேர் போட்டுவிடுவோம். நடக்க முடியாது என்பதற்காக அல்ல. வீல்சேர் போட்டால் ஏர்போர்ட்டில் ஓர் ஆள் கூடவே வருவார். விமானம் மாறும் இடத்தில் அவரே அழைத்துப் போய்ச் சரியான வாசலில் விடுவார். இமிக்ரேஷன் வரிசையிலும் பக்கத்தில் நிற்பார்.

"எங்காலு நல்லாத்தான் இருக்கு. நொண்டி மாதிரி தள்ளிக்கிட்டுப் போனா பாக்குறவங்க என்ன நெனைப்பாங்க?" என்று அம்மா கோபித்துக்கொண்டார்.

"யாரும்மா பாக்கப் போறா? அரியலூர்க்காரங்க அங்க யாரு வராங்க?" என்றேன்.

முதலாளி பாய் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். அவர் லப்பைக்குடிக்காட்டுக்காரர், கடையில் எல்லோருக்கும் அவர் பாய்தான். "அம்மா, நம்ம சொந்தத்துல ஹஜ்ஜுக்குப் போன எத்தனையோ பேரு வீல்சேர்லதான் போனாங்க. வந்து ஓடியாடித்தான் திரியறாங்க. உக்காந்துக்குங்க."

பாய் சொன்னால் மறுக்க முடியாது. அம்மா அரை மனதோடு தலையாட்டினார்.

பிரசவம் நெருங்கிக்கொண்டே இருந்தது. விசாதான் வந்தபாடில்லை. சுகந்தி தினமும் கேட்டாள். நான் தினமும் "வந்துரும்மா" என்று சொல்லிவிட்டு, ஃபோனை வைத்ததும் கை நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை பிரசவ ஆபரேஷன் என்று அங்கே நாள் குறித்திருந்தார்கள். கிடைத்த முதல் சீட் செவ்வாய்க்கிழமை சாயங்காலம். வளைகுடாவில் விமானம் மாறி லாஸ் ஏஞ்சல்ஸ். அங்கிருந்து மருமகன் காரில் அழைத்துப் போவார். யோசிக்காமல் போட்டுவிட்டேன்.

4. அமெரிக்கா எந்தத் திசை

டிக்கெட்டைப் பார்த்த ஐயா கேட்ட முதல் கேள்வி, "செவ்வாக்கெழமையா? ஏம்மா, சான் டியாகோ கெழக்கால இருக்கா, மேக்கால இருக்கா?"

"வளைகுடா வழியாப் போனா மேற்கு. ஜப்பான் வழியாப் போனா கெழக்கு. ரெண்டு பக்கமும் போகலாங்கய்யா."

நான் கிண்டல் செய்வதாக நினைத்து அவர் முகம் சிவந்துவிட்டது. பூமி உருண்டையாக இருப்பதற்கு நான் என்ன செய்ய? அவர் அரியலூரில் ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்தார். வீட்டிலிருந்து எந்தப் பக்கம் போகிறோமோ அதுதான் திசை, சென்னைக்குப் போவதால் வடக்கு என்று ஜோசியர் தீர்ப்புச் சொல்லியிருந்தார். செவ்வாய்க்கிழமை வடக்கே சூலம். அந்தத் திசையில் பயணம் கூடாத நாள். ஆகவே திங்கட்கிழமையே பரஸ்தானம் வைத்துவிட வேண்டும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். புறப்படும் நாள் சரியில்லை என்றால், அதற்கு முந்தைய நல்ல நாளில் ஒரு பயணப் பையை வீட்டைவிட்டு எடுத்துப் போய் வேறோர் இடத்தில் வைத்துவிடுவார்கள். வைத்தவுடன் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அதன் பிறகு ஆள் எந்த நாளில் புறப்பட்டாலும் தோஷம் இல்லை. வைத்த பை மட்டும் மறுபடி வீட்டுக்குள் போகக் கூடாது. பயணம் அனுப்புகிற இடம் என்பதால் எங்கள் கடையில் பரஸ்தானம் வைப்பது ராசி என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். மூலையில் தண்ணீர் கேன் பக்கம் அடிக்கடி ஒரு பை குங்குமத்தோடு உட்கார்ந்திருக்கும். நான் முணுமுணுப்பேன். பாய் விடமாட்டார். "வைக்கட்டும்மா. பதறிக்கிட்டுப் போறவங்க கொஞ்சம் நிம்மதியாப் போகட்டுமே," என்பார். பிஸ்மில்லா சொல்லி அவரே பையை வாங்கி வைப்பார்.

சிறுவாச்சூர் அம்மன் கோயிலில் வாரத்துக்கு இரண்டே நாள்தான் நடை திறக்கும், அதில் ஒன்று திங்கட்கிழமை. இருவரும் அம்மனைக் கும்பிட்டுவிட்டு நேராகக் கடைக்கு வந்தார்கள். பழுப்பு ரெக்சின் பை. பிடியில் கோயில் மாலை சுற்றியிருந்தது.

"உள்ள என்னங்கய்யா?" என்றேன்.

"ஒரு பொடவ, கொஞ்சம் பச்சரிசி, மஞ்சக் கெழங்கு."

"பாஸ்போர்ட்டு?"

"பத்திரமா இருக்கும்மா."

தனபாக்கியம் அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஐயா பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். அதற்குள் என் ஃபோன் அடித்தது. வீல்சேர் உறுதியாகவில்லை என்று ஏர்லைன்ஸிலிருந்து கூப்பிட்டார்கள். நான் அந்தச் சண்டையில் இறங்கிவிட்டேன்.

அன்று சாயங்காலம் வளைகுடாவுக்குப் போகும் பையன்கள் சிலரைத் திருச்சி ஏர்போர்ட்டில் விட எங்கள் வேன் வந்தது. அவர்கள் சாமான்களும் அதே மூலையில்தான் இருந்தன. டிரைவர் முருகேசன் எல்லாவற்றையும் தூக்கி ஏற்றினான்.

5. ஏரிக்கரையில் சாவி

இப்போது செவ்வாய்க்கிழமை காலைக்கு வருகிறேன். காரிலிருந்து இருவரும் இறங்கி உள்ளே வந்தார்கள். எனக்குச் சங்கடமாக இருந்தது, அவ்வளவுதான். "ஐயா, நேத்து வேன்ல உங்க பையும் தெரியாம ஏறிடுச்சு போல. பொடவதான? நான் வாங்கி வச்சி அரியலூருக்கு அனுப்பிடுறேன். நீங்க கெளம்புங்க, நேரமாகுது," என்றேன்.

ஐயா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அம்மாதான் சொன்னார். "பாஸ்போர்ட்டு அதுலதான் இருக்கு."

அம்மன் காலடியில் வைத்து எடுத்த பாஸ்போர்ட். காலடியில் வைத்ததைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது என்று, கோயில் வாசலிலேயே ஐயா அதைப் பரஸ்தானப் பைக்குள் போட்டுவிட்டார். பயணம் போவதே பாஸ்போர்ட்தானே, அது முன்னால் போனால் எல்லாம் சரியாகும் என்பது அவர் கணக்கு. என்னிடம் சொன்னால் திட்டுவேன் என்று சொல்லவில்லை. சரியாகத்தான் நினைத்திருக்கிறார். நான் அப்போது திட்டினேன், என்ன திட்டினேன் என்பது எனக்கே நினைவில்லை. பாய்தான் "வசந்தி, மொதல்ல முருகேசனக் கூப்புடு" என்றார்.

அவசரத்தில் இரண்டு முறை வேறு யாருக்கோ அடித்தேன். பிறகு முருகேசன் எடுத்தான், தூக்கக் குரலில்.

"ஆமாக்கா, ஒரு பை மிச்சமா நின்னுச்சு. பசங்க யாரும் எங்களுது இல்லன்னுட்டாங்க. மாலையப் பாத்தா பரஸ்தானப் பைன்னு தெரிஞ்சிது. அத ஊட்டுக்குள்ள கொண்டு போகக்கூடாதுல்ல? சிறுவாச்சூர் மாலைதானேன்னு, வரும்போது கோயிலுகிட்ட பூக்கடைல குடுத்துட்டு வந்தேன். காலைல சொல்லலாம்னு படுத்துட்டேன்."

பை திருச்சியில் இல்லை என்றதும் உயிர் வந்தது. அடுத்த நொடியே போனது. செவ்வாய்க்கிழமை சிறுவாச்சூர் கோயில் திறக்காது. பூக்கடையும் திறக்காது.

"வாங்க, போவோம்," என்று எழுந்தேன். ஐயா எழுந்திருக்கவில்லை. தெற்கே சிறுவாச்சூருக்குத் திரும்ப வேண்டும் என்பது அவருக்கு உறுத்தியது. "வடக்க போகக் கெளம்பிட்டு, திரும்பித் தெக்க போறதா? கெளம்புன காலு திரும்பக் கூடாது. நீ மட்டும் போயி எடுத்தாந்துரும்மா."

தனபாக்கியம் அம்மா அதுவரை குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. "எம்மவ அங்க வயித்தத் தள்ளிக்கிட்டு ஒத்தையில ஒக்காந்திருக்கா. நீங்க தெச பாத்துக்கிட்டு இங்கேயே இருங்க. நான் போறேன்," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிக் கதவைச் சாத்தினார். ஐயா பின்னாலேயே வந்து ஏறினார். நான் முன் சீட்டில் உட்கார்ந்தேன்.

பூக்கடையில் பூட்டு தொங்கியது. பக்கத்து டீக்கடையில் விசாரித்தால், "அந்தம்மா நூறு நாள் வேலைக்கு ஏரிக்குப் போயிருக்கே" என்றார்கள். ஏரிக்கரையில் எத்தனையோ பெண்கள் மண்வெட்டியும் மண் சுமக்கும் பாண்டுமாக நின்றார்கள். எல்லோரும் தலையில் துண்டு கட்டியிருந்தார்கள். யார் பூக்காரம்மா என்று தெரியவில்லை. தனபாக்கியம் அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கரையில் ஏறி நின்று, "பூக்கடக்காரம்மா! நேத்து ஒரு பை குடுத்தாங்களே!" என்று கத்தினார். அந்தக் குரலுக்கு வேலையே நின்றுவிட்டது.

கூட்டத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். இடுப்பு முடிச்சிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டே, "பரஸ்தானமாச்சே, தரையில வைக்கல. பலகை மேல வச்சி வெளக்கேத்தினேன்," என்றார். விளக்கா? அந்தப் பைக்குப் பக்கத்திலா?

அவரையும் காரில் ஏற்றிக்கொண்டு திரும்பினோம், கடையைத் திறந்தார். விளக்கு எண்ணெய் தீர்ந்து தானாகவே அணைந்திருந்தது. பை அப்படியே இருந்தது. அம்மா ஜிப்பைத் திறந்து, அரிசிக்குள் கைவிட்டுப் பாஸ்போர்ட்டை எடுத்தார். விசாப் பக்கத்தைப் பிரித்து நான் ஒரு முறை பார்த்தேன். அம்மா அதை வாங்கி ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டார்.

என்னைப் பெரம்பலூரில் இறக்கிவிட்டுக் கார் வடக்கே பறந்தது. அன்று மதியம் நான் சாப்பிடவில்லை. சுங்கச்சாவடி தாண்டியதும் ஒரு ஃபோன், செங்கல்பட்டு நெரிசலில் ஒரு ஃபோன். கவுண்டர் மூடும் நேரம் நெருங்கியபோது ஃபோனே வரவில்லை. கடைசியில் ஐயா கூப்பிட்டார். "வீல்சேர்ல ஒக்காந்துட்டாம்மா. அந்தப் பையன் ஓட்டமா தள்ளிக்கிட்டுப் போயிட்டான். டாட்டா காட்டக்கூட நேரமில்ல."

6. சேர்ந்த நேரம்

மறுநாள் மதியம் பிரபு அழைத்தார். "அக்கா, சுகந்திக்கு வலி வந்துடுச்சி. இப்பதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்தேன். அத்தைய அழைக்க நான் போக முடியாது."

வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க வேண்டிய பிள்ளை புதன்கிழமையே அவசரப்பட்டது. அம்மா அப்போது கடலுக்கு மேல் எங்கோ பறந்துகொண்டிருந்தார். சொல்ல வழியே இல்லை. ஏர்போர்ட்டுக்கு அவருக்குப் பதிலாக யார் வருவார் என்று பிரபுவிடம் கேட்டேன். பக்கத்து வீட்டு கார்மென் என்ற அம்மா வருகிறார், மெக்சிகோக்காரர், ஸ்பானிஷும் இங்கிலீஷும் மட்டும்தான் பேசுவார் என்றார். பாஷை தெரியாத ஓர் அந்நியப் பெண் வந்து கையைப் பிடித்தால் தனபாக்கியம் அம்மா காரில் ஏறுவாரா? ஏறவே மாட்டார். ஒரு தாளில் பெரிய எழுத்தில் தமிழில் "தனபாக்கியம் அம்மா, சுகந்தி வீட்டுக்கு" என்று எழுதிப் படம் எடுத்து அனுப்பினேன். அதைப் பார்த்து அட்டையில் அப்படியே வரையச் சொல்லுங்கள் என்றேன்.

அன்று முழுக்க நான் பாயிடம் புலம்பிக்கொண்டே இருந்தேன். இவ்வளவு ஓடியும் பிரசவத்துக்கு முன்னால் போய்ச் சேர முடியவில்லையே. அந்தப் பெண் மறுபடியும் தனியாகத்தானே உள்ளே போயிருக்கிறாள். கோயிலும் திசையும் பார்த்து என்ன, சீட்டும் வீல்சேரும் பார்த்து என்ன. பாய் டீக்கடைக்கு ஆளனுப்பினார். எனக்கு டீ வாங்கி வரச் சொன்னார்.

வியாழக்கிழமை காலை கடை திறந்ததும் சுகந்தியே வீடியோவில் வந்தாள். பெண் குழந்தை. ஜன்னலுக்கு வெளியே அங்கே புதன்கிழமை இரவு. அம்மா வந்து சேருவதற்குச் சில மணி நேரம் முன்பே பிறந்துவிட்டது என்றாள்.

"அட்டையப் பாத்ததும் அம்மா நேரா போயி ஏறிட்டாங்களாம். கார்மென் வழி பூரா ஸ்பானிஷ்ல பேசிக்கிட்டே வந்திருக்காங்க. அம்மா தமிழ்ல பேசிக்கிட்டே வந்திருக்காங்க. யாருக்கும் ஒண்ணும் புரியல, ஆனா ரெண்டு பேரும் நிறுத்தவே இல்லையாம்."

"உனக்குத்தாம்மா அம்மா நேரத்துக்கு வந்து சேரல," என்றேன்.

"இல்லக்கா. அம்மா உள்ள வந்தாங்க. கொழந்தையக்கூடப் பாக்கல. 'சாப்டியாடி?'ன்னு கேட்டாங்க. நான் வலியிலயும் அழுவல, கொழந்த பொறந்தப்பவும் அழுவல. அப்பதான் அழுதேன்."

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்கிறேன். பாஸ்போர்ட் பத்திரமாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். எல்லோரும் பத்திரமாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். எங்கே இருக்கிறது, எடுத்துக் காட்டுங்கள் என்று கேளுங்கள். பார்த்த பிறகு ஆளை அனுப்புங்கள்.

இன்னொன்று. பிரசவத்துக்கோ ஆபரேஷனுக்கோ சாவுக்கோ போக வேண்டும் என்று அடித்துப் பிடித்து ஓடி வருகிறவர்கள், அந்த நேரத்துக்குள் போக முடியாது என்று தெரிந்ததும் "இனிமே போயி என்ன ஆகப் போகுது, விடுங்க" என்று எழுந்திருப்பார்கள். முன்பெல்லாம் நானும் சரி என்று விட்டுவிடுவேன். இப்போது விடுவதில்லை. "உக்காருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த விமானத்தில் இடம் தேடுகிறேன்.